நான்கில் ஒன்றைத் தொடு: ஹாம் தேர்வு எதை அளக்கிறது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், இருபது வருடமாக எலெக்ட்ரானிக்ஸ் வேலை. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். சாலிடரிங் அயனைக் கையால் தொட்டதில்லை. இரண்டு மாதம் போனில் கேள்விகளைத் தட்டித் தட்டிப் படித்து, பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் வைத்துப் பேசுகிறவர்களுக்கான ஹாம் ரேடியோ உரிமத்தின் மூன்று தேர்வுகளையும் ஒரே அமர்வில் பாஸ் செய்துவிட்டார். கேள்வியும் விடையும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றனவாம். நான்கில் ஒன்றைக் குறிக்கும் இந்தத் தேர்வு தொழில்நுட்ப அறிவை அளக்கிறதா? நான் எழுதுவதில் ஏதாவது அர்த்தம் உண்டா?

பதில்:

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்குக்காரர் குருட்டு அதிர்ஷ்டத்தில் பாஸ் செய்யவில்லை. அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம்.

மூன்றில் முதலாவதான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் பாஸ். அடுத்த ஜெனரலிலும் அதே 35, அதே 26. கடைசியான எக்ஸ்ட்ராவில் 50க்கு 37. ஒன்றுமே தெரியாத ஒருவர் டெக்னீஷியன் தாளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக எட்டோ ஒன்பதோ சரியாக விழும். 26 விழுவதற்கான வாய்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எழுபது எண்பது கோடியில் ஒன்று வருகிறது. லாட்டரிச் சீட்டு இதைவிடத் தேவலை.

அரைகுறை அறிவின் கதை வேறு. ஒருவருக்கு 17 கேள்விகளுக்கு நிச்சயமாக விடை தெரியும் என்று வையுங்கள். மீதி 18இல் ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகள் அபத்தம் என்று மட்டும் தெரிகிறது, மற்ற இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறிக்கிறார். சராசரியாக ஒன்பது கிடைக்கும். 17ம் 9ம் 26. பாஸாகும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. ஆக, பாதித் தாள்கூடச் சரியாகத் தெரியாதவர் உள்ளே வந்துவிட முடியும். அபத்தமான விடையை ஒதுக்கத் தெரிவதும் ஒரு வகை அறிவுதானே என்று கேட்கலாம். கேள்வி எழுதியவர் சோம்பேறியாக இருந்தால் அது அறிவில்லை, மொழித் திறமை. நான்கு விடைகளில் நீளமானதையும், 'பெரும்பாலும்', 'பொதுவாக' என்று ஜாக்கிரதையாகப் பேசுவதையும் குறித்துவிட்டு வருகிறவர்களை நம் ஊரிலேயே நிறையப் பார்த்திருக்கிறோம்.

தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழித்தால் சரியாகிவிடும் என்பார்கள். நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான். டி.என்.பி.எஸ்.சி. தாளில் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்க வந்த கட்டமில்லை அது. காலியாக விட்ட இடத்தைப் பிறகு வேறு கை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்தது.

சரி, கேள்வித் தொகுப்புக்கு வருவோம். ஒரு தேர்வில் எத்தனை கேள்விகளோ, தொகுப்பில் அதைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதி. டெக்னீஷியனுக்குச் சுமார் 400 கேள்விகள், எக்ஸ்ட்ராவுக்கு 600ஐத் தாண்டும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை தொகுப்பைப் புதுப்பிக்கிறார்கள். நடுவில் கேள்வி மாறாது, அதில் உள்ள எண்ணும் மாறாது. விடைகளின் வரிசை வேண்டுமானால் மாறும்.

எனக்கு உறுத்துவது இந்த மாறாத எண்தான். 120 வோல்ட், 80 ஓம், மின்னோட்டம் எவ்வளவு என்று ஒரு கேள்வி பல வருடங்களாகத் தொகுப்பில் இருந்து வந்தது. விடை 1.5 ஆம்பியர். ஓம் விதி தெரிந்தவர் வகுத்துச் சொல்வார். தெரியாதவர் '120, 80 பார்த்தால் ஒன்றரை' என்று வாய்ப்பாடு மாதிரி வைத்துக்கொள்வார். இரண்டு பேரின் தாளும் அச்சு அசலாக ஒன்று. 80ஐ 75 ஆக்கிக் கேட்டால் அடுத்த நிமிடமே யார் யார் என்று தெரிந்துவிடும். கணினியில் எழுதும் தேர்வுக்கு இது பெரிய வேலையே இல்லை, ஆனால் செய்வதில்லை. விடைகளை நான்கில் ஒன்றாகக் கொடுத்ததைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஓட்டை வெளியில் அவ்வளவாகத் தெரியாது. டெக்னீஷியன் தொகுப்பு பத்துப் பகுதிகளாக, மொத்தம் 35 குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. குழுவுக்கு ஒரு கேள்வி. விதிமுறைகளுக்கு 6, மின்சார அடிப்படைகளுக்கு 4, உதிரிப் பாகங்களுக்கும் சுற்றுகளுக்கும் 4, பாதுகாப்புக்கு 3, இப்படிப் போகிறது. 9 கேள்வி வரை தவறலாம். அப்படியென்றால் மின்சார அடிப்படையும் உதிரிப் பாகமும் சுத்தமாகத் தெரியாமல் எட்டையும் கோட்டைவிட்டவர், மற்றதெல்லாம் சரியாகக் குறித்தால் 27 எடுத்துப் பாஸ். ஓம் விதி தெரியாமல், மின்தடைக்கும் மின்தேக்கிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவர் சட்டப்படி ஹாம் ஆகலாம். பாதுகாப்புக் கேள்வி மூன்றும் தவறினாலும் தடையில்லை. இந்த உரிமத்தோடு 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 1500 வாட் வரை அனுப்ப அனுமதி உண்டு. அந்த அளவுக்கு சக்தி தரும் ஆம்ப்ளிஃபயர் வால்வு வகையாக இருந்தால் உள்ளே இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் இருக்கும். நம் இந்தியாவில் தொடக்க நிலை உரிமத்துக்கு ஹெச்.எஃப். என்கிற சிற்றலை அலைவரிசைகளில் 50 வாட், பொது நிலைக்கு 400 வாட். தேர்வின் தரத்தை விட்டுவிட்டாலும், ஆரம்பக்காரர் கையில் எதைக் கொடுக்கலாம் என்ற விஷயத்தில் நம் விதி கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கிறது என்பேன்.

கேள்விகளை ஏன் வெளியிட்டார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1980களின் தொடக்கம் வரை ஆணையத்தின் அலுவலர்களே தேர்வு நடத்தினார்கள், கேள்விகள் ரகசியம். தொலைவில் இருந்தவர்கள் தபாலில் வரும் தாளை உள்ளூர் ஹாம் ஒருவர் முன்னால் எழுதலாம். அதில் எவ்வளவு நேர்மை இருந்தது என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் முறைத்துக்கொள்வார்கள். 1970களில் ஒருவர் தேர்வு முடிந்து வெளியே வருகிறவர்களைப் பிடித்து, என்ன கேட்டார்கள் என்று விசாரித்து, அதைப் புத்தகமாகப் போட்டு விற்றார். கேள்விகள் அலுவலகத்துக்கு மட்டும் ரகசியம், காசு கொடுத்தவருக்கு இல்லை என்ற நிலை வந்தது. 1982இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஹாம்களே தன்னார்வலர்களாகத் தேர்வு நடத்த வழி செய்தது. 1984 முதல் அது நடைமுறை, ஒவ்வொரு அமர்விலும் குறைந்தது மூன்று தன்னார்வலர்கள் இருக்க வேண்டும். கேள்வித் தொகுப்பும் அப்புறம் பொதுவில் வந்தது. சிலருக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தைவிட எல்லோருக்கும் தெரிந்த தொகுப்பு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

'அந்தக் காலத்தில் விரிவாக எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், அதுதான் தேர்வு' என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. காரணம், நான் அப்படித்தான் எழுதினேன்.

சென்னையில் நான் எழுதிய தாளில் சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவரின் கட்டப்படம் வரைந்து விளக்கச் சொன்னார்கள். அது எப்படியும் வரும் என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆன்டெனா, ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், லோக்கல் ஆஸிலேட்டர், 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். (எந்த நிலையத்தைக் கேட்டாலும் ரிசீவர் உள்ளே அதை மாற்றிக்கொள்ளும் நிலையான அலைவெண்) என்று கட்டம் கட்டமாக ஸ்கேல் வைத்துப் போட்டேன், அம்புக்குறிகூடக் கோணாமல். நல்ல மதிப்பெண். ஒரு மாதம் கழித்து கிளப்பில் ஒரு பெரியவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, அது ஏன் 455? ஒரு 45 வெச்சா என்ன?"

திருதிருவென்று விழித்தேன். அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 7100 கிலோஹெர்ட்ஸைக் கேட்க வேண்டும் என்றால் ஆஸிலேட்டர் 7555இல் ஓடும், இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த 455. ஆனால் 8010இல் ஒரு நிலையம் இருந்தால் அதற்கும் 7555க்கும் இடைவெளி அதே 455தான், அதுவும் உள்ளே வந்துவிடும். அந்தப் போலி 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் முன்னால் உள்ள ட்யூனிங் சுற்று அதை ஓரளவு தடுத்துவிடுகிறது. ஐ.எஃப். 45 என்றால் போலி வெறும் 90 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், தடுக்கவே முடியாது. நான் வரைந்த படத்தின் உயிரே அந்த ஒரு எண்ணில் இருந்திருக்கிறது, நான் அதை ஓவியமாக வரைந்துவிட்டு வந்திருக்கிறேன். விரிவான விடைத்தாளையும் நெட்டுருப் போட முடியும். பத்தாம் வகுப்பில் நோட்ஸ் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அதே தேர்வில் நெட்டுருப் போடவே முடியாத ஒரு பகுதி இருந்தது. மோர்ஸ் என்கிற தந்திக் குறியீடு. நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் காதில் விழுவதை எழுத வேண்டும், சாவியில் அனுப்பிக் காட்டவும் வேண்டும். வந்தால் வரும், வராவிட்டால் வராது. தான் அளப்பதாகச் சொன்னதை அப்பட்டமாக அளந்த ஒரே தேர்வு அதுதான். ஆனால் அதற்கும் ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்ற அறிவுக்கும் சம்பந்தம் குறைவு. 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு மோர்ஸைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்தது, 2007 பிப்ரவரியில் அமெரிக்கா முழுவதுமாகக் கைவிட்டது. துல்லியமாக அளக்க முடிந்தது தேவையில்லாததாகிவிட்டது. தேவையான அறிவை அளக்கத்தான் வழி தெரியாமல் நிற்கிறோம்.

கொள்குறி வகைத் தேர்வு பிறந்ததே ஆழத்துக்காக இல்லை, எண்ணிக்கைக்காக. அமெரிக்கா 1917இல் முதல் உலகப் போரில் இறங்கியபோது, 17 லட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர்களை வகைப்படுத்த இப்படிப்பட்ட தாள்களைப் பயன்படுத்தினார்கள். அடுத்து வந்தது திருத்தும் இயந்திரம். 1930களின் கடைசியில் ஐ.பி.எம். விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம், தாளில் பென்சிலால் நிழலிட்ட இடத்தில் மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், வெறும் தாள் கடத்தாது, அவ்வளவுதான் நுட்பம். அதன் மூல யோசனை ரெனால்ட் ஜான்சன் என்ற மிச்சிகன் பள்ளி ஆசிரியருடையது. இதே மனிதர்தான் பின்னால் ஐ.பி.எம்.மில் முதல் ஹார்டு டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர். ஓம் விதி தெரியாதவரின் தாளையும் ஓம் விதிதான் திருத்தியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது மறுபக்கம். என் அண்ணன் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். போன வருடம் ஜெனரல் பாஸ் செய்தான், உங்கள் கணக்குக்காரர் மாதிரி போன் வழியாகத்தான். 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் ஆன்டெனா, அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் நீட்டிக் கட்டும் கம்பி, போடப் போவதாகச் சொன்னான். 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடிக்கணக்கில் நீளம் வரும், 7.2க்கு 65 அடி. அளந்து வெட்டினான். கம்பி வீட்டு வயரிங்குக்கு வாங்கிய பி.வி.சி. உறை போட்ட ஒயர். இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டினான். எஸ்.டபிள்யூ.ஆர். 3ஐத் தாண்டியது. அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது, ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. வீடியோ அழைப்பில் வந்தான்.

"சித்தப்பா, கோஆக்ஸ் கேபிள் போலின்னு நினைக்கிறேன். வேற வாங்கவா?"

"இரு. எந்த ஃப்ரீக்வென்ஸில குறைச்சலாக் காட்டுது?"

அனலைசரைப் பார்த்தான். 6.95.

"அப்படின்னா?"

பேச்சே இல்லை. பத்து வினாடி கழித்துத்தான் முகம் மாறியது. "நீளம் ஜாஸ்தி. வெட்டணும்!"

டைபோலை அதிக அலைவெண்ணுக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி டெக்னீஷியன் தொகுப்பிலேயே இருக்கிறது. விடை, நீளத்தைக் குறை. அவன் அதைப் பத்துத் தடவையாவது சரியாகக் குறித்திருப்பான். ஆனால் கொல்லைப்புறத்தில் அந்தக் கேள்வி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை, 'எஸ்.டபிள்யூ.ஆர். அதிகம்' என்று வேறு வேஷத்தில் வந்தது. கூடவே நான்கு விடைகளைக் கூட்டிக்கொண்டும் வரவில்லை. பார்த்தால் அடையாளம் தெரிவது ஒன்று, கூப்பிடாமலே ஞாபகத்துக்கு வருவது இன்னொன்று. தேர்வு முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவதற்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

ஆனாலும் அந்தப் பத்து வினாடியைப் பாருங்கள். அவன் தொகுப்பைப் படிக்காதவனாக இருந்தால் நான் அரை மணி நேரம் பாடம் எடுத்திருக்க வேண்டும். 'எந்த ஃப்ரீக்வென்ஸில' என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்தது, ஏனென்றால் சொற்கள் எல்லாம் உள்ளே அடுக்கி வைத்திருந்தன, ஒன்றோடொன்று கோத்திருக்கவில்லை. நெட்டுருவை நான் முழுவதுமாகத் திட்டாததற்கு இதுதான் காரணம். அப்புறம் பக்கத்துக்கு ஓர் அடிக்கும் கொஞ்சம் அதிகமாக வெட்டினான், 7.2இல் வந்து நின்றது. உறை போட்ட கம்பியும் தாழக் கட்டியதும் சேர்ந்துதான் அலைவெண்ணைக் கீழே இழுத்திருந்தன.

இதையே நல்ல கொள்குறிக் கேள்வியாக மாற்றலாம். '7.2க்கு வெட்டிய டைபோல் 6.95இல் குறைந்த எஸ்.டபிள்யூ.ஆர். காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு, விடைகளாகக் கோஆக்ஸை மாற்றுவது, கம்பியைச் சேர்ப்பது, இரு பக்கமும் வெட்டுவது, சக்தியைக் கூட்டுவது என்று கொடுங்கள். தவறான விடைகள் ஒவ்வொன்றும் யாராவது நிஜமாகச் செய்கிற தப்பாக இருக்க வேண்டும். நான்கு நல்ல விடை எழுத முடியாவிட்டால் மூன்றோடு நிறுத்தலாம், தேர்வுகளை ஆராய்கிறவர்களில் பலர் மூன்றே போதும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இப்படிக் கேள்வி எழுத, தப்பு செய்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் வேண்டும். குழு உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினால் வராது.

உயிர் போகிற துறைகளில் இந்தத் தாளை மட்டும் யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கும் 60 கொள்குறிக் கேள்விகள் உண்டு, 70 சதவீதம் வேண்டும். ஆனால் அது முதல் வாசல்தான். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பிறகு தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து வாய்மொழியாகக் கேட்பார், கூடவே பறந்தும் பார்ப்பார். எழுத்துத் தேர்வில் எந்தப் பகுதியில் தவறினீர்கள் என்ற விவரம் அவர் கையில் இருக்கும், அதையே தேடிப் பிடித்துக் கேட்பார். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகமும் கொள்கையளவில் இதைத்தான் செய்கிறது. எல்.எல்.ஆருக்குப் படத்தைப் பார்த்து விடை சொல்லலாம், ஆனால் பைக் லைசென்ஸுக்கு எட்டு போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஹாம் ரேடியோவில் எட்டு போட வைத்த நாடும் உண்டு. பிரிட்டனில் தொடக்க நிலைக்கே செய்முறை இருந்தது, கேள்வி வங்கியும் அங்கே வெளியிடப்படுவதில்லை. 2020 கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே எழுதும் ஏற்பாடு வந்ததும் அந்தச் செய்முறை கைவிடப்பட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் தன்னார்வலர் ஒருவர் நாள் முழுக்க நின்று ஒவ்வொருவராக ஆன்டெனா ட்யூன் செய்ய வைத்துப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பதும் தெரியும். தேர்வுக்கு ஐம்பது கிலோமீட்டர் போக முடியாத ஒரு பள்ளிப் பிள்ளை வீட்டிலிருந்தே எழுதிப் பாஸாவதை எதிர்த்து என்னால் பேச முடியாது.

இன்னொன்று. உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளில் அமெச்சூர் ரேடியோவுக்கு (ஹாம் ரேடியோவின் முறையான பெயர் அதுதான்) ஒரு வரையறை இருக்கிறது. அதில் முதலில் வருவது 'சுயபயிற்சி', பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேசுவதும் தொழில்நுட்ப ஆய்வும். விமானி உரிமம் கற்று முடித்தவருக்கு, இது கற்கப் போகிறவருக்கு. அதனால் இந்தத் தேர்வு ஒருவரின் அறிவை முழுதாக அளக்காததை நான் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. பாதுகாப்பு மூன்றையும் தவறவிட்டவரை உள்ளே விடுவதைத்தான் குற்றமாகப் பார்க்கிறேன். அந்த மூன்றையும் தனியாகப் பாஸ் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நீங்கள் எழுதுவதா என்று கேட்டீர்கள். எழுதுங்கள். இருபது வருட அனுபவம் இருப்பதால் படிக்காமல் போய்விடாதீர்கள். விதிமுறைக் கேள்விகள் ஆறும் உங்கள் ஆஸிலாஸ்கோப்புக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக்ஸ் ஆட்கள் சறுக்குவது அங்கேதான். தொகுப்பை இறக்கிக்கொண்டு, நான்கு விடைகளையும் ஒரு காகிதத்தால் மூடிவிட்டுக் கேள்வியை மட்டும் படியுங்கள். வாயால் விடை சொன்ன பிறகு காகிதத்தை எடுங்கள். நீங்கள் சொன்னது அந்த நான்கில் இருந்தால் அடுத்தது. இல்லையென்றால் அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். எண் வருகிற கேள்வி என்றால் எண்ணை மாற்றி இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள்.

மூன்றையும் ஒரே அமர்வில் எழுதலாம், ஆனால் டெக்னீஷியனும் ஜெனரலும் அன்றைக்குப் போதும். எக்ஸ்ட்ராவை விட்டுவையுங்கள், ஒரு டைபோலாவது கட்டிய பிறகு அந்த 600 கேள்விகள் வேறு மாதிரி படிக்கும். பாஸான அன்று அந்தக் கணக்குக்காரரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் எப்படியும் வேண்டும், சாலிடரிங் அயனையும் அன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடலாம்.